கராஜுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்

மிர்ட்டல் காபியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தட்டில் வைத்து, தட்டை மேசையின் நடுவுக்கு மெல்ல நகர்த்தினாள். எங்கள் பக்கத்தில் ஒருத்தி அப்படி நகர்த்தினால், வந்த விஷயத்தை இனிமேல்தான் சொல்லப் போகிறாள் என்று அர்த்தம். அதுவரை பேசிய பனி, சாலை, மகளுக்குப் பிறந்த குழந்தை எல்லாம் கணக்கில் வராது.

"ஆர்டிஸ் அக்கா, நானும் யோசிச்சுப் பார்த்தேன். இந்த வருஷம் நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கிட்டா என்ன? எத்தனை வருஷமா அந்தச் சூட்டுல நிக்கிறீங்க. சின்னவங்க யாராவது கல்லைப் பார்த்துக்கட்டுமே."

டிசம்பரில் எங்கள் சர்ச்சின் நிலவறையில் ஊர் விருந்து நடக்கும். காரச்சோடா நீரில் ஊறவைத்து வேகவைத்த மீன், உருக்கிய வெண்ணெய், அதோடு லெஃப்ஸே. உருளைக்கிழங்கை மசித்து, மாவு சேர்த்துப் பிசைந்து, காகிதம் மாதிரி மெல்லிசாகத் தேய்த்து, பெரிய வட்டக் கல்லில் போட்டு, நீளக் குச்சியால் திருப்பி எடுக்கிற ரொட்டி அது. அந்தக் கல்லின் முன்னால் தலைமையாக நிற்பவள் என் அண்ணி ஆர்டிஸ். மற்றதில் யார் எங்கே நின்றாலும் அந்த இடம் அவளுடையது.

"ஏன் மிர்ட்டல், ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள் அண்ணி.

"ஐயோ, பிரச்சினையெல்லாம் இல்லக்கா. போன வாரம் கமிட்டிக்குக் கொண்டு வந்தீங்களே, எல்லாரும் சாப்பிட்டோம். நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம்..." மிர்ட்டல் ஜன்னலைப் பார்த்தாள். "வித்தியாசமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

மினசோட்டாவின் இந்த வடமேற்கு மூலையில் அந்த வார்த்தைக்கு மேல் வேறு வார்த்தை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் வீட்டுக்குக் கத்திரிப்பூ நிறம் அடித்தால் வித்தியாசம். புதுப் பாதிரியார் பிரசங்கத்தில் கிடார் வாசித்தால் வித்தியாசம். மருமகள் மீனில் மிளகாய் போட்டால் வித்தியாசம். ஒருவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது என்றால் அவர் துப்பாத குறைதான். அண்ணிக்கும் அது தெரியும். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனாலும் எழுந்து போய் மிர்ட்டலின் கோப்பையில் இன்னொரு முறை காபி ஊற்றினாள். எங்கள் பழக்கம் அப்படி.

மிர்ட்டலின் கார் தெருமுனை திரும்பியதும் அண்ணி என் பக்கம் திரும்பினாள். நான் அண்ணன் ஓர்லனின் தங்கை. எதிர்வீட்டில் இருக்கிறேன், பாதி நாள் அவர்கள் சமையலறையில்தான் இருப்பேன்.

"வெர்னா, நீ சொல்லு. என்ன வித்தியாசம்?"

"அண்ணி, எனக்கு..."

"நீயும் அதையே சொன்னே, தட்டாலேயே அடிப்பேன். புளிப்பா? கசப்பா? பூஞ்சையா? எனக்குத்தான் மூக்கு இல்லையே. உங்களுக்கெல்லாம் இருக்குதில்ல?"

இரண்டு வருஷத்துக்கு முன் குளிர்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவள் மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. உப்பு, இனிப்பு நாக்குக்குத் தெரியும். வாசனை என்று ஒன்று கிடையாது. காபி அவளுக்குச் சூடான கசப்புத் தண்ணீர். அதை அவள் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கைப்பழக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியில் மீதியிருந்த ஒரு லெஃப்ஸேயை எடுத்துப் பிட்டு வாயில் போட்டேன். உண்மையாகவே எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. விழுங்கின பிறகு மேலண்ணத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு நின்றது.

"இரும்பு மாதிரி இருக்கு. இல்ல, இரும்பு இல்ல. மருந்து மாதிரி. எங்கேயோ தெரிஞ்ச வாசனை அண்ணி, ஆனா சாப்பாட்டுல தெரிஞ்ச வாசனை இல்ல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா கடைசிக் காலத்துல சோடா மாவுக்குப் பதிலா துணி துவைக்கிற தூளைப் போட்டுப் பிசைஞ்சாங்க. உனக்குத் தெரியும்ல? யாரும் சொல்லல அவங்ககிட்ட. தின்னுட்டு நல்லாயிருக்குன்னுட்டுப் போனாங்க. வெர்னா, நான் எதையாவது மாத்திப் போடுறேனா?"

"தெரியாது அண்ணி. ஆனா தெரிஞ்சுக்கலாம்."

நான் ஊர்த் தானியக் கிடங்கில் எடை போடுகிறவள். லாரியில் வந்த கோதுமையில் ஈரம் அதிகம் என்று நாங்கள் சொல்லி, விவசாயி இல்லை என்று நின்றால், சண்டை போடுவதில்லை. ஒரே குவியலில் இரண்டு மாதிரி எடுத்து இரண்டு இடத்தில் வைத்துப் பார்ப்போம். இதற்கும் அதையே செய்தேன். கடையில் புதிதாக ஒரு மாவுப் பை வாங்கி, அண்ணியின் கண்முன் பிரித்து, ஒரே மாதிரி இரண்டு காகிதப் பைகளில் பாதிப் பாதியாகப் போட்டேன். ஒன்று அவள் சமையலறை அலமாரியில், அவள் எப்போதும் மாவு வைக்கும் தட்டில். இன்னொன்று என் வீட்டில். சில நாள் கழித்து இரண்டையும் என் வீட்டில், என் கல்லில், அவள் கையாலேயே சுடுவது என்று முடிவு செய்தோம்.

இந்த இடைவெளியில் அண்ணன் வீட்டில் இல்லை. நவம்பரில் எங்கள் ஆண்கள் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். காட்டுக்குள் ஒரு பலகைக் குடிலில் ஐந்து பேராகச் சேர்ந்துகொண்டு மான் வேட்டை என்று சொல்லிச் சீட்டாடுவார்கள். அண்ணி வழக்கம்போல் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டின லெஃப்ஸே ஒரு டப்பா நிறையக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

சொன்ன நாளில் அண்ணி என் வீட்டுக்கு வந்தாள். உருளைக்கிழங்கு ஒன்று, வெண்ணெய் ஒன்று, உப்பு ஒன்று. மாவு மட்டும் இரண்டு. எது எது என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதால் பைகளின் அடியில் அவளே குறி போட்டுக்கொண்டாள். பிசைந்தாள், தேய்த்தாள், சுட்டாள். அவள் தேய்த்தால் உருட்டுக்கட்டையின் அடியில் மேசைத்துணியின் பூவேலை தெரியும், அவ்வளவு மெல்லிசு.

முதல் லெஃப்ஸேயைத் தின்றேன். வெண்ணெய், கிழங்கு, லேசாகப் பொரிந்த மாவு. எனக்குப் பசியே வந்துவிட்டது. இரண்டாவதைக் கடித்தேன். மேலண்ணத்தில் அதே பிசுக்கு.

"இது," என்றேன்.

அண்ணி பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தாள். "என் வீட்டு மாவு."

"கை ஒண்ணுதானே அண்ணி? கிழங்கும் ஒண்ணுதான். அப்போ நீங்க இல்ல."

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். "நான் இல்ல," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கோபம் வந்தது. "அப்போ எது?"

"உங்க அலமாரி."

அலமாரியைக் காலி செய்து துடைத்தோம். எலிப் புழுக்கை இல்லை, ஈரம் இல்லை, சோப்பு இல்லை. தலையை உள்ளே விட்டு மோந்தேன். முதல் மூச்சில் ஏதோ இருந்தது. அடுத்த மூச்சில் மூக்கு பழகிவிட்டது. சோளமாவு, சர்க்கரை, ஓட்ஸ், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அந்த வாசனை. தகர டப்பாவில் இருந்த பட்டைத்தூளில் மட்டும் இல்லை. அப்படியென்றால் வாசனை பொருளிலிருந்து வரவில்லை, காற்றில் வருகிறது. மூடி இறுக்கமாக இல்லாதது எல்லாம் குடித்திருக்கிறது.

மறுநாள் அண்ணன் வேட்டையிலிருந்து திரும்பினான். மான் இல்லை. தாடி இருந்தது. அவனைத் தேடிச் சமையலறைக்குப் போகக்கூடாது, கராஜுக்குப் போகவேண்டும்.

அந்தக் கராஜைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டோடு ஒட்டின கராஜ், சமையலறைக் கதவைத் திறந்தால் அதற்குள் இறங்கலாம். முன்பு உள்ளேயே காபி உறையும். அக்டோபரில் அண்ணன் அதைப் பிரித்து வேலை பார்த்தான். வெளிச்சுவர்களின் கட்டைகளுக்கு நடுவே கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பலகை. உட்கூரைக்கு மேலே முழங்கால் உயரத்துக்குக் காகிதப் பஞ்சு. பெரிய கதவின் ஒவ்வொரு மடிப்பிலும் நுரைப்பலகை வெட்டிப் பொருத்தி, அடியில் தடித்த ரப்பர் பட்டை. விட்டத்தில் மின்சார ஹீட்டர். அது முடிந்ததும் நட்ட நடுப்பகலில் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, இருட்டில் நின்றுகொண்டு வெளிச்சப் புள்ளி தேடுவான். எங்கே ஊசி அளவு வெளிச்சம் தெரிகிறதோ அங்கே நுரைக்குழாயை வைத்துப் பீச்சுவான். நாலைந்து மத்தியானம் இப்படிப் போச்சு. கடைசியில் உள்ளே கும்மிருட்டு. அன்றைக்கு அவன் பட்ட சந்தோஷத்தை நான் அவன் கல்யாணத்தன்றும் பார்க்கவில்லை.

நான் போனபோது வெளியே மைனஸ் பத்து. உள்ளே அண்ணனும் அவன் கூட்டாளி லெராயும் வெறும் சட்டையோடு, ஆளுக்கொரு மடக்கு நாற்காலியில் பீரோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவே தரையில் பனிவண்டியின் கார்புரேட்டர் பிரித்துக் கிடந்தது.

"வாம்மா வெர்னா. கோட்டைக் கழட்டு. இங்க கோட்டு போட்டா எனக்கு அவமானம்," என்றான் அண்ணன்.

"அண்ணே, ஒண்ணு கேட்கணும். காட்டுக்கு அண்ணி கொடுத்த லெஃப்ஸே எப்படி இருந்துச்சு?"

அண்ணன் கார்புரேட்டரைப் பார்த்தான். லெராய் பீர் டின்னில் எழுதியிருந்ததைப் படித்தான்.

"நல்லா இருந்துச்சு," என்றான் அண்ணன்.

"லெராய்?"

"ஆமா, நல்லா... வித்தியாசமா இருந்துச்சு."

"எல்லாம் தீர்ந்துச்சா?"

"தீர்ந்துச்சு," என்றான் லெராய். "காட்டுல குருவி நிறைய."

"டேய், வாயை மூடுடா," என்றான் அண்ணன்.

நான் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். "அண்ணே, மிர்ட்டல் அண்ணியைக் கல்லு பக்கம் வரவேண்டாம்னு சொல்லிட்டா. அண்ணி தனக்குப் புத்தி பிசகுதுன்னு நினைச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க. அவங்கம்மா மாதிரி. அதனால நீ எனக்கு மரியாதையா பதில் சொல்ல வேண்டாம். அது என்ன வாசனை?"

அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு போனது.

"மிர்ட்டல் அப்படிச் சொன்னாளா?"

"என்ன வாசனை, அண்ணே?"

"வீட்டுல தின்னப்போ எனக்கு ஒண்ணும் தெரியல. சத்தியமா. காட்டுக்குப் போய் ரெண்டு நாள் சுத்தமான காத்துல இருந்துட்டு டப்பாவைத் திறந்தேன்..." குரல் தாழ்ந்தது. கால் நுனியால் பனிவண்டியைக் காட்டினான். "இது."

"பெட்ரோல்," என்றான் லெராய். சொன்னதும் அவனுக்கே நிம்மதியாகிவிட்டது. "ஆயில் கலந்த பெட்ரோல். ஒரு சுருளைத் தின்னுட்டு ஏப்பம் விட்டேன் வெர்னா, பக்கத்துல யாரும் நெருப்புக்குச்சி உரசலை, பிழைச்சேன்."

"அஞ்சு பேரு இருந்தீங்களேடா, ஒருத்தன்கூட வாயைத் திறக்கலையா?"

"ஓர்லன் பொண்டாட்டி செஞ்சது. அவன் எதிர்ல எப்படிச் சொல்றது? அவன் தின்னான், நாங்களும் தின்னோம்."

"நீங்க தின்னீங்கன்னு நானும் தின்னேன்," என்றான் அண்ணன்.

எங்கேயோ தெரிஞ்ச வாசனை என்று நான் சொன்னது சரிதான். சுற்றிப் பார்த்தேன். வீட்டுப் பக்கத்துச் சுவரில் ஆணிப்பலகை, அதில் ஸ்பானர்கள். அதன் அடியில் ஒரு தட்டில் வரிசையாக பெட்ரோல் கேன்கள். பனி தள்ளும் இயந்திரத்துக்கு ஒன்று, பனிவண்டிக்கு ஒன்று, பனிக்கட்டியில் ஓட்டை போடுகிற மீன்பிடித் துரப்பணத்துக்கு ஒன்று. எல்லாம் கதகதப்பாக.

"இந்தச் சுவருக்குப் பஞ்சு வச்சியா அண்ணே? இடுக்கு அடைச்சியா?"

"இதுக்கு எதுக்கு? அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் ஹீட்டர். ரெண்டு பக்கமும் சூடு. யாராவது சூட்டுக்கும் சூட்டுக்கும் நடுவுல காசைப் போடுவாங்களா? அதோட நான்தான் இருட்டுல நின்னு பார்த்தேனே, இந்தப் பக்கம் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்ல."

"அந்தப் பக்கம் அலமாரிக் கதவு மூடியிருந்தா வெளிச்சம் எங்கேர்ந்து வரும்?"

அவன் பீரைத் தரையில் வைத்தான். எழுந்தான்.

மூன்று பேரும் சமையலறைக்குப் போனோம். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "என்ன ஊர்வலம்?" என்றாள்.

"அலமாரியைப் பார்க்கணும் அண்ணி."

நெருப்போ புகையோ வைத்துப் பார்க்கிற காரியமில்லை இது. கழிவறைக் காகிதத்தில் ஒரு மெல்லிய நாடா கிழித்து, அலமாரியின் நடுத்தட்டில் பசைநாடாவால் தொங்கவிட்டேன். அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போடச் சொன்னேன். விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளத் தொடங்கியது. வெளியே போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்துதானே ஆகவேண்டும்? நாங்கள் நான்கு பேரும் ஒரு காகித நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாடா முதலில் சும்மா தொங்கியது. பிறகு அதன் நுனி எங்களை நோக்கி எழுந்தது. அலமாரியின் பின்பக்கத்திலிருந்து யாரோ ஊதுகிற மாதிரி, படுத்துக்கொண்டு படபடத்தது.

"அட," என்றான் லெராய்.

விசிறியை நிறுத்தினோம். நாடா தாழ்ந்தது, ஆனால் முழுக்கத் தொங்கவில்லை. சாய்ந்தே நின்றது.

"விசிறி இல்லாமலும் வருதே," என்றாள் அண்ணி, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. மிர்ட்டல் வந்த நாளிலிருந்து அவள் குரலில் இல்லாதிருந்த துடிப்பு அது. "ஏன் வெர்னா?"

"குளிர்காலத்துல வீடே ஒரு புகைக்கூண்டு அண்ணி. சூடான காத்து மேல ஏறி மாடி இடுக்கு வழியா போயிடும். அதுக்குப் பதிலா கீழேர்ந்து இழுத்துக்கிட்டே இருக்கும். எங்க ஓட்டை இருக்கோ அங்கேர்ந்து."

அண்ணன் தட்டுகளைக் கழற்றினான். பின்பலகையைத் திருப்புளியால் நெம்பினான். பழைய சுவர்க்காகிதம் தெரிந்தது. அதில் ஒரு சதுரம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது. விரலால் தட்டினால் டொம்மென்று கேட்டது. காகிதத்தைக் கிழித்தான். ஒரு தலையணை அகலத்தில் சின்ன மரக்கதவு, பித்தளைப் பிடியோடு.

"பால் கதவு!" என்றேன். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் எல்லாம் உண்டு. பால்காரன் வெளிப்பக்கக் கதவைத் திறந்து பெட்டிக்குள் புட்டியை வைப்பான். வீட்டுக்காரி உள்பக்கக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். குளிரில் யாரும் வாசலைத் திறக்கவேண்டாம். இந்த வீட்டை அண்ணனுக்கு விற்ற டோலெஃப்சன் குடும்பம் எப்போதோ அந்தச் சுவருக்கு வெளியே கராஜைக் கட்டியிருக்கிறது. பால் நின்றதும் ஒரு பக்கம் சுவர்க்காகிதம், மறுபக்கம் ஆணிப்பலகை. பெட்டி நடுவில் அப்படியே இருந்திருக்கிறது.

அண்ணன் பிடியை இழுத்தான். கதவு திறந்தது. குப்பென்று வந்த வாசனையில் லெராய் பின்வாங்கினான். எனக்குக் கண் எரிந்தது. அண்ணி மட்டும் குனிந்து, உள்ளே தலையை விட்டு, நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக் கதவு சுருங்கி இடுக்கு விட்டிருந்தது. ஆணிப்பலகையின் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. துளைகளுக்கு அப்பால் சிவப்பு பெட்ரோல் கேன்.

"இவ்வளவு நாள் இல்லையே," என்றாள் அவள். "போன வருஷம் இதே அலமாரி, இதே கேனு. என் மாவு நல்லாத்தானே இருந்துச்சு?"

அண்ணன்தான் மெதுவாகச் சொன்னான். "போன வருஷம் கராஜ் சல்லடை. பெட்ரோல் வாசனை எல்லாம் பெரிய கதவு வழியா வெளியே போச்சு. குளிர்ல ஆவியும் கிளம்பாது. இப்போ சூடு பண்ணினேன், நிறைய கிளம்புது. வெளிப்பக்கம் எல்லாத்தையும் அடைச்சுட்டேன்." தொண்டையைச் செருமினான். "இந்த ஒரு வழியைத்தான் விட்டு வச்சேன்."

"அப்போ நீ எவ்வளவு நல்லா அடைச்சியோ..." என்று தொடங்கினான் லெராய்.

"தெரியுதுடா."

அண்ணி நிமிர்ந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தாள்.

"ஓர்லன், தினம் காலையில கார் சூடாகட்டும்னு ஓட விட்டுட்டு வந்து காபி குடிக்கிறீங்களே, அதுவும் இங்கதானே?"

"பெரிய கதவைத் தூக்கி வச்சுட்டுத்தான்..."

"அந்தப் புகையில இருக்கிற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாதுன்னு சொல்வாங்களே. இந்தப் பெட்டி வழியா அதுவும் வந்திருந்தா? அதை மோந்து பார்க்க மூக்கு இருக்கிறவங்களாலேயும் முடியாதே?"

அண்ணன் கராஜுக்குள் இறங்கினான். கோட்டுகூடப் போடாமல், பெரிய கதவைத் தூக்கி, இரண்டு கையிலும் கேன்களை எடுத்துக்கொண்டு பனியில் நடந்து, தோட்டத்தின் கோடியில் இருக்கிற தகரக் கொட்டகையில் வைத்தான். திரும்பி வந்து மிச்சத்தை எடுத்தான். லெராய் பனிவண்டியைத் தள்ளினான். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சூடு முழுவதும் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வேலைகள் ஒவ்வொன்றாக நடந்தன. பால்பெட்டியின் உள்ளே அளவாக வெட்டின நுரைப்பலகையை அடுக்கடுக்காக வைத்து, சுற்றிலும் நுரை பீச்சி, இரண்டு பக்கமும் சுவர்ப்பலகை அடித்துப் பூசினான். ஆணிப்பலகையைக் கழற்றிவிட்டுச் சுவர் முழுவதையும் பார்த்தான். மின்கம்பி நுழையும் துளை, தண்ணீர்க்குழாயைச் சுற்றின இடைவெளி, சுவர் கூரையைத் தொடும் விளிம்பு, எல்லா இடத்திலும் பசை. சமையலறைக் கதவின் சட்டத்தில் ரப்பர் பட்டை, தானாகச் சாத்திக்கொள்கிற வில். கதவுக்கு இந்தப் பக்கம் புகை விஷத்துக்குக் கத்துகிற கருவி ஒன்று, படுக்கையறைக்கு வெளியே இன்னொன்று. காரை வாசலில் இறக்கிய பிறகுதான் கிளப்புவது என்றும் ஆயிற்று. இந்தத் தடவை இருட்டில் நின்று புள்ளி தேடவில்லை. என்னிடம் வந்து காகித நாடா கேட்டான். அலமாரியில், கதவடியில், மின்பலகை ஓரத்தில் என்று ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, விசிறியைப் போட்டு, நாடா அசையாமல் தொங்கும்வரை விடவில்லை. அண்ணி பின்னாலேயே நின்று, "இதோ, இங்க ஆடுது" என்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் அவ்வளவு நேரம் ஒன்றாக ஒரு வேலை பார்த்து நான் பார்த்ததில்லை.

அலமாரியில் இருந்த மாவு, சர்க்கரை எல்லாம் குப்பைக்குப் போயின. பலகையையே மாற்றினான். புது மாவை என் வீட்டில் வைத்தோம்.

மிர்ட்டலிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். அண்ணி வேண்டாம் என்றுவிட்டாள். "நீ சொன்னா அவ 'அப்படியா, நல்லதுக்கா'ன்னு சொல்லிட்டு, கல்லு பக்கம் வேற ஆளை நிறுத்துவா. சாப்பிடறவங்க மனசுல இருக்கிறதை நீ எப்படி அடைப்பே?"

விருந்தன்று மத்தியானம் அவள் தன் உருட்டுக்கட்டையையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு சர்ச்சின் நிலவறைக்குப் போனாள். நான் மாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அங்கே வழக்கம்போல் ஜன்னலெல்லாம் ஆவி படிந்து, மீன் வெந்துகொண்டிருந்தது. அந்த மீனின் வாசனையைச் சகித்துக்கொள்கிற கூட்டம் என் அண்ணியின் லெஃப்ஸேயில் குற்றம் கண்டதை நினைத்தால் சிரிப்புத்தான் வரவேண்டும். எனக்கு வரவில்லை. கல்லின் முன்னால் மிர்ட்டலின் மருமகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்ததும் ஆறேழு பெண்களும் ஒரே நேரத்தில் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

"வாங்கக்கா! ரெஸ்ட் எடுப்பீங்கன்னு நினைச்சேன்," என்றாள் மிர்ட்டல்.

"என் லெஃப்ஸேயில பெட்ரோல் வாசனை வந்துச்சு, மிர்ட்டல்," என்றாள் அண்ணி.

யாரோ ஒரு கரண்டியைக் கீழே போட்டார்கள். அப்படி ஒரு வார்த்தை அந்த நிலவறையில் அதுவரை யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

"கராஜ்லேர்ந்து என் மாவுக்குள்ள வந்திருக்கு. அடைச்சாச்சு. இது புது மாவு. ஆனா இன்னொண்ணு இருக்கு. எனக்கு ரெண்டு வருஷமா மோப்பம் கிடையாது. யாருகிட்டயும் சொல்லல. உங்கள்ல ஒருத்தராவது அன்னைக்கே சொல்லியிருந்தா, எங்க வீட்டுச் சுவர்ல இருந்த ஓட்டை அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நாங்க ரெண்டு பேரும் தூங்குற வீடு அது."

மிர்ட்டலின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. "அக்கா, நான்... உங்க மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு..."

"தெரியும். நானும் உன் இடத்துல அதையேதான் பண்ணியிருப்பேன். இப்போ நான் ஒண்ணு சுடுறேன். நீ என் பக்கத்துல நில்லு. எனக்கு மூக்கா இரு. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லு, நான் குச்சியை உன் மருமக கையில கொடுத்துட்டுப் போயிடுறேன்."

மருமகள் தானாகவே ஒதுங்கினாள். அண்ணி மேசையில் மாவு தூவி, உருண்டையை வைத்து, நடுவிலிருந்து விளிம்புக்குத் தேய்த்தாள். குச்சியை அடியில் செருகி, தூக்கி, கல்லின் மேல் விரித்தாள். ஒரு சுருக்கம் இல்லை. சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பியது. பெண்கள் பேச்சை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். மிர்ட்டல் கல்லுக்கு மேல் குனிந்தாள். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி கண்ணை மூடி மோந்தாள். மறுபடி மோந்தாள். அவளுக்குள் எத்தனை நாகரிகமான வார்த்தைகள் வந்து வந்து திரும்பின என்று எனக்குத் தெரியும், எனக்குள்ளும் அதே வார்த்தைகள்தான் இருக்கின்றன.

"பெட்ரோல் இல்ல," என்றாள் கடைசியில். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, வேகமாக, ஒரே மூச்சில்: "ஆனா கருகுற வாசனை வருதுக்கா. கல்லு சூடு ஜாஸ்தி. மாவு தீயுது."

சுற்றி நின்ற பெண்கள் கல்லை எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணி லெஃப்ஸேயைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் புள்ளிகள் பழுப்பைத் தாண்டிக் கறுத்திருந்தன. அதை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, கல்லின் சூட்டுத் திருகைக் கொஞ்சம் இறக்கினாள்.

"இப்போ?"

மிர்ட்டல் இன்னும் அருகே வந்து நின்றாள். "இன்னும் கொஞ்சம் இறக்குங்க," என்றாள்.